காந்தம் முதல் கயிறு வரை: பழைய இரும்பு வண்டிக்குள் என்ன இருக்கிறது?

"பழைய இரும்பு, தகரம், பித்தளை, அலுமினியம், பழைய பேட்டரி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வாங்குறது..."

ஞாயிற்றுக்கிழமை மதியம், கண் அசரும் நேரம் பார்த்துத்தான் இந்தக் குரல் தெருவுக்குள் நுழையும். முன்பெல்லாம் தலையில் கூடையோடு, பிறகு சைக்கிளில் வந்தார்கள். இரும்புக்கு ஈடாகப் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். இன்று பென் டிரைவில் பதிவு செய்த குரல், கூம்பு ஸ்பீக்கர், பின்னால் ஒரு குட்டி யானை. தொழிலின் அடிப்படை மட்டும் மாறவில்லை. வீட்டில் வேண்டாததை எடைக்கு வாங்கி, பிரித்து, காயலான் கடையில் எடைக்கு விற்பது.

வெளியில் இருந்து பார்த்தால் முதலே தேவையில்லாத தொழில் போலத் தெரியும். வேலை போன பலர் ஒரு பழைய வண்டியை வாங்கிக்கொண்டு இதில் இறங்குவதும் அதனால்தான். இறங்கிய ஆறு மாதத்தில் கை விரலையோ, வண்டியின் அச்சையோ, போட்ட பணத்தையோ இழப்பவர்களும் உண்டு. எதை எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம், வண்டியை எப்படி அமைத்திருக்கிறோம் என்பதில்தான் இந்தத் தொழிலின் லாபமும் ஆபத்தும் இருக்கின்றன. விற்கிற வீட்டுக்காரர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் கருவி காந்தம். இதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. உடைந்த ஸ்பீக்கர் பெட்டியின் பின்புறம் வட்டமாக ஒன்று இருக்கும். அதைக் கழற்றி ஒரு கயிற்றில் கட்டிக்கொண்டால் போதும். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால்தான் வேலையே ஆரம்பிக்கிறது. அது அலுமினியமா, பித்தளையா, செம்பா, எவர்சில்வரா, ஈயமா? ஒவ்வொன்றுக்கும் விலை வேறு. சந்தை நிலவரம் தினமும் மாறினாலும், பொதுவாக அலுமினியம் இரும்பைப்போல் நாலைந்து மடங்கு விலை போகும். செம்பு பதினைந்து, இருபது மடங்கைத் தாண்டும். ஒரு பிடி செம்புக் கம்பியை இரும்போடு சேர்த்துப் போட்டுவிட்டால் அன்றைய டீசல் காசு போச்சு.

எவர்சில்வரில் காந்தம் கொஞ்சம் விளையாட்டுக் காட்டும். சமையலறையில் புழங்கும் 304, 202 என்ற இரண்டு ரகங்களிலும் காந்தம் ஒட்டாது. ஆனால் குடத்தின் விளிம்பு, அடித்து மடித்த இடங்களில் லேசாக இழுக்கும். அதை வைத்து 'இது இரும்பு' என்று ஒதுக்கிவிடக் கூடாது. 304-ல் நிக்கல் 8 சதவிகிதத்துக்குக் குறையாமல் இருக்கும். 202-ல் அது 4 முதல் 6 சதவிகிதம்தான். அதனால் விலையிலும் வித்தியாசம். மொத்தக் கடைக்காரர்கள் ஒரு சொட்டுத் திரவமும் ஒன்பது வோல்ட் பேட்டரியும் வைத்திருப்பார்கள். சொட்டு விட்டு பேட்டரியைத் தொடவைத்தால் 202 ரகம் சிவந்து காட்டிக்கொடுக்கும். தெருவில் வாங்குபவருக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் கடையில் எதற்கு எந்த விலை என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது அரம். பாத்ரூம் குழாய் ஒன்று பளபளவென்று வெள்ளியாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அரத்தால் ஒரு இழு. உள்ளே மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. சாம்பல் வெள்ளையாகத் தெரிந்தால் துத்தநாகக் கலவை, விலை குறைவு. கம்பிக்கும் இதே சோதனைதான். செம்பு நிறத்தில் இருப்பதெல்லாம் செம்பு இல்லை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பிகள் நிறைய வருகின்றன. சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை தெரிந்துவிடும். கையில் தூக்கிப் பார்த்தாலும் தெரியும். ஒரே அளவுள்ள துண்டில் செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனக்கும்.

சீலிங் ஃபேனை எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான வீடுகளில் இருந்து வெளியே வருவது இதுதான்.

"அண்ணே, இந்த ஃபேன் எவ்வளவுக்கு எடுப்பீங்க?"

"எடை போட்டுச் சொல்றேன்க்கா."

இந்த இடத்தில் தொழிலில் புதியவர் செய்யும் தவறு, முழு ஃபேனையும் ஒரே விலைக்குக் கேட்பது, அல்லது அதே மாதிரி கடையில் போய்ப் போடுவது. றெக்கை அலுமினியமாக இருக்கலாம், தகரமாகவும் இருக்கலாம். காந்தம் வைத்தால் தெரியும். மேலே தொங்கும் கம்பி இரும்பு. நடுவில் இருக்கும் கூட்டில் அலுமினிய மூடி. அதற்குள் இரும்புத் தகடுகளைச் சுற்றி வைண்டிங். பழைய ஃபேன்களில் அது செம்பு, சில நூறு கிராம் கிடைக்கும். மலிவு விலைப் புது ஃபேன்கள் சிலவற்றில் அலுமினிய வைண்டிங். எனவே உள்ளே என்ன என்று தெரியாமல் செம்பு விலை கணக்குப் போட்டு வாங்கினால் நஷ்டம் வாங்குபவருக்கு. தெரிந்தும் தகர விலைக்குக் கேட்டால் நஷ்டம் அக்காவுக்கு.

பிரிக்கும் கருவிகள் என்று பார்த்தால் அதிகம் இல்லை. இரண்டு கிலோ சுத்தியல், ஒரு சம்மட்டி, இரண்டு மூன்று உளி, ஸ்பேனர் செட், பைப் ரெஞ்ச், கட்டிங் பிளேயர், ஆக்ஸா பிளேடு, ஒரு நீளமான கடப்பாரை. துருப்பிடித்த நட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டால் பாதி வேலை முடிந்தது. கொஞ்சம் வசதி வந்ததும் பேட்டரியில் ஓடும் ஆங்கிள் கிரைண்டர் வாங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் தெருவில் வைத்து அறுக்கக் கூடாது. பொறி பறக்கும், பக்கத்தில் குழந்தைகள் வேடிக்கை பார்க்க வந்து நிற்கும். கழற்றுவது தெருவில், அறுப்பது யார்டில் என்று வைத்துக்கொள்பவர்கள்தான் நீண்ட நாள் தொழில் செய்கிறார்கள்.

ஒயரை எரிக்கும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் உறையை உரிக்கச் சோம்பல்பட்டு ஊருக்கு வெளியே குவித்துத் தீ வைப்பார்கள். பி.வி.சி. எரிந்தால் வரும் புகை நுரையீரலை அரிக்கும் அமிலப் புகை. டயாக்சின் என்ற நச்சும் அதோடு வரும். இத்தனை செய்து கிடைக்கும் கம்பியும் கறுத்துப்போய் இருக்கும், கடைக்காரர் விலையைக் குறைப்பார். கையால் சுற்றி உறை உரிக்கும் சின்ன மெஷின் இருக்கிறது. தடித்த ஒயருக்கு அது போதும். மெல்லிய ஒயரை உறையோடே, ஒயர் விலைக்குப் போட்டுவிடுவது நேரத்துக்கும் உடம்புக்கும் லாபம்.

இனி தராசு. வீட்டுக்காரர்களுக்கு இந்தத் தொழில் மேல் இருக்கும் சந்தேகம் எல்லாம் இதில்தான். சாக்கோடு தூக்கிப் பார்க்கக் கொக்கித் தராசு ஒன்றும், ஃபிரிட்ஜ் மாதிரி கனமானதை வைக்க மேடைத் தராசு ஒன்றும் வைத்திருப்பது வழக்கம். சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-ன்படி, வியாபாரத்துக்குப் பயன்படும் எந்தத் தராசுக்கும் அரசு முத்திரை வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, எடைக்கல்லுக்கும் கைத்தராசுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையினர்தான் இதைப் பார்க்கிறார்கள். சரிபார்ப்புச் சான்றிதழின் நகல் ஒன்றை வண்டியில் ஒட்டி வைத்தால் பேரம் பாதியாகக் குறையும்.

விற்பவர்களுக்கு ஒரு எளிய வழி உண்டு. பிரிக்காத ஒரு கிலோ உப்பு பாக்கெட்டைத் தராசில் வைத்துப் பார்க்கலாம். ஒரு கிலோவும் உறையின் கொஞ்ச எடையும் காட்ட வேண்டும். "என்னக்கா, நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுளிப்பவரைவிட, "வச்சுப் பாருங்கக்கா" என்று தள்ளி நிற்பவரிடம் போடலாம். மேடைத் தராசு சமமான தரையில் இல்லாவிட்டால் நேர்மையான தராசும் தப்பாகக் காட்டும். அதனால் கெட்டியான ஒரு பலகை எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும்.

வண்டிக்கு வருவோம். டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் இரண்டு பக்கமும் சாக்குக் கட்டிக்கொண்டு ஆரம்பிப்பவர்கள் அதிகம். சென்னையில் மீன்பாடி வண்டி. அடுத்த படி லோடு ஆட்டோ, அதற்கடுத்து 2005-ல் அறிமுகமாகி ஊரெங்கும் குட்டி யானை என்று பெயர் வாங்கிய டாட்டா ஏஸ். இதன் தாங்கு எடை, மாடலைப் பொறுத்து சுமார் முக்கால் டன். பின்பக்கத் தொட்டி ஏறத்தாழ ஏழு அடி நீளம். ஓட்டுவதற்கு கனரக உரிமம் தேவையில்லை. மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள வண்டிகளை இலகு ரக உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் மீண்டும் உறுதி செய்தது.

முக்கால் டன் என்பது அதிகமாகத் தோன்றும். அது இரும்புக்கு ஒன்றுமே இல்லை. ஒரு கன அடி கெட்டி இரும்பு 220 கிலோவுக்கு மேல் வரும். அதாவது மூன்றரை கன அடி இரும்புக் கட்டி இருந்தாலே வண்டியின் கணக்கு முடிந்தது, தொட்டி காலியாகத் தெரிந்தாலும்கூட. மாறாக பீரோ, தகர டப்பா, கட்டில் என்று ஏற்றினால் தொட்டி நிரம்பி வழியும், எடை முந்நூறைத் தாண்டாது. கண்ணால் பார்த்து லோடு கணக்குப் போடுபவர்கள் மாட்டுவது இங்கேதான். 'பின்னால் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டாச்சு, தாங்கும்' என்பார்கள். பட்டை தாங்கும், பிரேக்கும் டயரும் தாங்காது. சட்டமும் ஏற்காது. அதிக எடை ஏற்றினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000. பக்கவாட்டில் குழாயும் கம்பியும் நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000 ரூபாய்தான். ஒரு வாரச் சம்பாத்தியத்தை ஒரு செக்போஸ்ட்டில் கொடுத்துவிட்டு வந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

தொட்டியின் அடித்தகடு மெல்லியது. சம்மட்டி போட்டாலே குழி விழும், குழியில் தண்ணீர் நின்றால் துரு. அதனால் முதல் வேலை, அடியில் கனமான பிளைவுட்டோ, ஆலைகளில் கழித்துப்போடும் கன்வேயர் பெல்ட் துண்டோ விரிப்பது. பெல்ட் துண்டு இரண்டுக்கும் நல்லது, அடியும் படாது, சாமானும் வழுக்காது. பக்கங்களில் இரும்பு வலை வைத்து உயர்த்துகிறார்கள். கதவு திறக்கும் பின்பக்கம் பாதி உயரத்துக்குப் பலகை. முன்னால், டிரைவர் சீட்டுக்குப் பின்புறம், பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று கட்டாயம். செம்பும் பித்தளையும் அதற்குள். டீ குடிக்க இறங்கும் பத்து நிமிடத்தில் காணாமல் போவது எப்போதும் செம்புதான்.

கனமானதை எங்கே வைப்பது என்பதில் சின்ன சூட்சுமம் இருக்கிறது. மோட்டார், வார்ப்பிரும்பு, கம்ப்ரஸர் எல்லாம் கீழே, பின் சக்கரத்துக்கு முன்னால். எல்லாக் கனத்தையும் கதவோரமாகக் குவித்தால் முன் சக்கரம் லேசாகிவிடும், ஸ்டீயரிங் திருப்பினால் வண்டி கேட்காது. மேலே தகரம், அதன் மேல் தார்ப்பாய், அதன் மேல் கயிறு. தகரத்தின் விளிம்பு நைலான் கயிற்றை அறுத்துவிடும் என்பதால், விளிம்பு படும் இடத்தில் பழைய டியூப் துண்டு ஒன்றைச் செருகுவார்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தகரம் பறந்து பின்னால் வரும் பைக்காரர் கழுத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இந்தத் தொழிலில் மிக மலிவான பொருள் அந்த டியூப் துண்டுதான்.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஏற்ற எட்டடிப் பலகை இரண்டு, சின்ன தள்ளுவண்டி ஒன்று. முதுகு போன பிறகு தள்ளுவண்டி வாங்குபவர்கள்தான் அதிகம். இவை தவிர தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, ஒரு கேன் தண்ணீர், சோப்பு. தோல் கையுறை, முன்புறம் இரும்பு வைத்த ஷூ, கண்ணாடி. துணிக் கையுறை தகரத்துக்கு நிற்காது. டி.டி. ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை போடுவது கணக்கு. அழுக்கான ஆழமான காயம் என்றால் ஐந்தாண்டு ஆகியிருந்தாலே டாக்டர் போடச் சொல்வார். டெட்டனஸ் கிருமி துருவில் பிறப்பதில்லை, மண்ணில் இருப்பது. ஆனால் பழைய இரும்பு எப்போதும் மண்ணில்தானே கிடக்கிறது!

எதை வாங்குவது என்பதைவிட எதை வாங்கக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய படிப்பு. சமையல் கேஸ் சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, அதைப் பழைய இரும்பாக வாங்கவே முடியாது. மூடி இறுகிய டிரம், பெயின்ட், தின்னர் டப்பா, எதுவென்று தெரியாத பிரஷர் டேங்க் எல்லாம் உள்ளே ஆவி தங்கியிருக்கும். கேஸ் கட்டிங் வைத்தால் வெடிக்கும். இப்போது வரும் ஃபிரிட்ஜ்களில் பலவற்றில் இருப்பது ஆர்-600ஏ என்ற வாயு. அது ஐசோபியூட்டேன், சமையல் கேஸின் உறவுதான். கம்ப்ரஸர் குழாயைப் பொறி பறக்க அறுப்பவர்கள் அந்த லேபிளை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பழைய பேட்டரியை வாங்கலாம், நிமிர்த்தியே பிளாஸ்டிக் தட்டில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றி, ஈயத்தை வீட்டுக் கொல்லையில் உருக்கும் வேலை வேண்டவே வேண்டாம். ஈயத் தூசி முதலில் பாதிப்பது வீட்டில் தவழும் குழந்தையின் மூளையைத்தான்.

2004-ல் டெல்லிக்கு அருகே காசியாபாத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்போடு கலந்திருந்த வெடிகுண்டு ஒரு உருக்காலையில் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். துப்பாக்கிச் சுடும் பயிற்சித் தளங்களுக்குப் பக்கத்தில் கிடக்கும் 'பித்தளைக் குழாய்'களைக் குழந்தைகள் பொறுக்கி வந்து கொடுப்பார்கள். தொடக் கூடாது, தட்டிப் பார்க்கக் கூடாது.

அதைவிட மோசமானது சத்தமே இல்லாதது. 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் ஒருவருக்கு முடி கொட்டியது, தோல் கறுத்தது. என்னவென்று தேடியபோது, ஒரு ஆய்வகத்தில் நீண்ட காலம் பயன்படாமல் கிடந்து ஏலத்தில் போன கருவிக்குள் இருந்த கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் என்று தெரிந்தது. கடைக்காரர்கள் அதைப் பிரித்து, துண்டு போட்டிருந்தார்கள். ஒருவர் இறந்தார், பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அதற்கு முன் 1987-ல் பிரேசிலின் கோயானியா நகரில் இதே கதை. கைவிடப்பட்ட மருத்துவமனைக் கருவியைப் பழைய இரும்புக்காக எடுத்து வந்து உடைத்தார்கள். உள்ளே இருட்டில் நீலமாக ஒளிர்ந்த பொடியை அதிசயம் என்று வீடு வீடாகக் காட்டினார்கள். இறந்த நால்வரில் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி.

கனத்துக்குப் பொருந்தாத சின்னப் பெட்டி, ஈயத்தால் சூழ்ந்த உருளை, அதில் மஞ்சள் பின்னணியில் மூன்று இறக்கை விசிறி போன்ற சின்னம். இதைப் பார்த்தால் கை வைக்காமல் விலகி, மற்றவர்களையும் விலக்கி, 112-க்குச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சின்னத்தைத் தொழிலுக்கு வரும் பையன்களுக்கு முதல் நாளே படம் போட்டுக் காட்டுகிற கடைக்காரர் இருந்தால், அவரிடம் தாராளமாக வேலைக்குச் சேரலாம்.

திருட்டுப் பொருள் இன்னொரு பள்ளம். பாதாளச் சாக்கடை மூடி, மின்வாரியக் கம்பி, கோயில் மணி, தண்டவாளத் துண்டு. 'கீழே கிடந்துச்சுண்ணே' என்று இரவில் கொண்டுவருவார்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. ரயில்வே சொத்து என்றால் அதற்கென்று 1966-லேயே தனிச் சட்டம், தண்டனை ஐந்தாண்டு வரை. அதனால்தான் கருவிப் பட்டியலில் ஒரு நோட்டும் பேனாவும் சேர்கிறது. யாரிடம், எந்தத் தெருவில், என்ன, எவ்வளவு, போன் நம்பர். சிறுவர்களிடம் வாங்குவதில்லை என்று பலர் வைத்திருக்கும் வழக்கத்தை எல்லோரும் வைத்துக்கொள்ளலாம். பழைய கார், பைக்கையும் தாமே உடைக்கக் கூடாது. பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்துக்குப் போய், ஆர்.சி. ரத்தாக வேண்டும்.

வீட்டுக்காரர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. பாட்டி காலத்துப் பித்தளை அண்டாவை எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாம். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் அதே அண்டா எடைக்கு விற்பதில்லை.

மாலை ஐந்து மணிக்கு மேல் வண்டி மொத்தக் கடைக்குத் திரும்பும். காலையிலிருந்து சாக்கு சாக்காகப் பிரித்து வைத்தவருக்கும், எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வந்தவருக்கும் இங்கேதான் வித்தியாசம் தெரியும். கலந்து வந்தால் மிகக் குறைந்த ரகத்தின் விலைதான். மண், ரப்பர், மரம் ஒட்டியிருந்தால் கழிவு பிடிப்பார்கள். அங்கிருந்து இரும்பு கும்மிடிப்பூண்டி மாதிரியான இடங்களில் உள்ள உருக்காலைகளுக்குப் போய், கட்டடக் கம்பியாகத் திரும்பி வரும். பெரிய கடைகள் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவை. பதிவில்லாதவரிடம் அவர்கள் வாங்கும் உலோகக் கழிவுக்கான வரியை 2024 அக்டோபர் 10 முதல் அவர்களே கட்ட வேண்டும். அந்தச் சுமையை விலையில் தள்ளிவிடுகிறார்களா என்று இரண்டு மூன்று கடைகளில் விசாரித்துப் பார்ப்பது நல்லது.

லோடு இறக்கிய பிறகு காலையில் எடுத்த காந்தம் திரும்பவும் வெளியே வரும். ஒரு குச்சியில் கட்டித் தரையில் ஒரு சுற்று இழுத்தால் சிதறிய ஆணியெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். காலையில் வண்டி நின்று சாமான் ஏற்றிய தெருவிலும் இதைச் செய்துவிட்டுக் கிளம்பியவரைத்தான், அடுத்த மாதம் போகும்போது அந்தத் தெருக்காரர்கள் கூப்பிடுவார்கள். பிறகு சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, வேலைச் சட்டையை வண்டியிலேயே விட்டுவிட்டு, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு. வாசலில் ஓடி வரும் பிள்ளையைத் தூக்குவது அதற்கப்புறம்தான்.